ரிலே ஒட்டவில்லையா: 1237 ஐசி போர்டா, டிரான்சிஸ்டர் போர்டா?

ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கரோடு இணைப்பது புரொடெக்‌ஷன் (ஸ்பீக்கர் பாதுகாப்பு) போர்டிலுள்ள ரிலே என்ற மின் சுவிட்ச்; அது ஒட்டவில்லை என்றால் முதலில் ஆம்ப் அவுட்புட்டில் டிசி (நேர்மின்சாரம்) அளந்துவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் சந்தேகம் புரொடெக்‌ஷன் போர்டு மேல் வரவேண்டும், ஏனென்றால் இரண்டு வோல்ட் நிற்கிறபோது ரிலே ஒட்டாமல் இருப்பது அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

யுபிசி1237 என்ற பாதுகாப்பு ஐசி உள்ள போர்டில் பார்க்கவேண்டியவை குறைவு. 8வது காலில் சுமார் 3.4 வோல்ட், 7வது காலில் ரிலே ஒட்டுவதைச் சற்றுத் தாமதிக்கும் டிலே கெபாசிட்டரின் வோல்டேஜ் ஏறுகிறதா, அப்புறம் 4வது கால். டிரான்ஸ்பார்மரிலிருந்து டயோடு வழியாக அதற்கு வரும் ஏசி ஒயரைக் கொடுக்காமலே விட்டுவிட்டு ஐசி போச்சு என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். மின்சாரம் போனவுடன் ரிலே விடுபட்டு, ஸ்பீக்கரில் 'டப்' சத்தம் வராமல் இருப்பது அந்தக் காலின் புண்ணியம். போலி ஐசி நிறைய, அது ஒரு தலைவலி.

டிரான்சிஸ்டர் போர்டில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும். ஆனால் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கசிந்தால் டிலே கண்டபடி மாறும், சில வடிவமைப்புகளில் பிளஸ் டிசி வந்தால் ரிலே விடுபடும், மைனஸ் வந்தால் விடுபடாது. ஆம்பைக் கழற்றிவிட்டு போர்டின் இன்புட்டில் இரண்டு பென்டார்ச் செல்லைத் தொடராக இணைத்து, இருபக்கமும் மாற்றி வைத்துப் பாருங்கள்; இரண்டு முறையும் ரிலே விடுபடவேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவருக்கு என் ஓட்டு 1237க்குத்தான்.