சிடிபிகே, மேப்கே: தாவரச் செல்லில் செய்தி கடத்தும் இரு நொதிகள்

பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்திலுள்ள 22 அமினோ அமிலத் துண்டு ஒன்று, ஆய்வகங்களில் மாதிரித் தாவரமாகப் பயன்படும் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் இலைச் செல்லின் சவ்வில் இருக்கும் எஃப்எல்எஸ்2 ஏற்பியில் பிணைந்ததும், உள்ளே சில நிமிடங்களில் சிடிபிகே (கால்சியம் சார்ந்த புரதக் கைனேஸ்), மேப்கே (மைட்டோஜனால் தூண்டப்படும் புரதக் கைனேஸ்) என்னும் இருவகைக் கைனேஸ் நொதிகள் செயல்படத் தொடங்குகின்றன. இரண்டுமே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஏற்றுபவை. தூண்டப்படும் விதம்தான் வேறு.

சிடிபிகேயில் கால்சியத்தை உணரும் பகுதியும் வினையூக்கும் பகுதியும் ஒரே புரதச் சங்கிலியில் அமைந்திருக்கின்றன. ஆகவே செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து இந்த நொதியில் பிணைந்தவுடன், வினைமையத்தை அடைத்திருந்த தடுப்புப் பகுதி விலகி, இடைத்தரகர் எவருமின்றி வேலை தொடங்கிவிடுகிறது. சிபிகே5 என்னும் சிடிபிகே நொதி, சவ்விலுள்ள ஆர்பிஓஎச்டி புரதத்தில் நேரடியாகப் பாஸ்பேட்டை ஏற்றி, வினைத்திறன்மிக்க ஆக்சிஜன் வகைகளை வெளிவரச் செய்கிறது. விலங்குகளிலும் பூஞ்சைகளிலும் இல்லாத இந்த நொதிக் குடும்பம் மலேரியா ஒட்டுண்ணியில் இருப்பது வியப்புக்குரியது.

மேப்கேயோ மூன்றடுக்குக் கைனேஸ் தொடரின் கடைசிப் படி; மேலடுக்கு நடு அடுக்கைத் தூண்ட, நடு அடுக்கு இதன் திரியோனின், டைரோசின் ஆகிய இரு அமினோ அமிலங்களிலும் பாஸ்பேட்டை ஏற்றினால்தான் முழுமையாக இயங்கும். அரபிடாப்சிஸில் சிடிபிகே மரபணுக்கள் 34, மேப்கே மரபணுக்கள் 20. எம்பிகே3, எம்பிகே6 ஆகிய இரு மேப்கேக்களும் நோயெதிர்ப்பு மரபணுக்களைத் தூண்டுவதோடு இலைத்துளை உருவாக்கத்தையும் கட்டுப்படுத்துகின்றன. இரண்டையும் சேர்த்து நீக்கினால் கரு நிலையிலேயே செடி மடிந்துவிடும். சிபிகே5, சிபிகே6, சிபிகே11 என்னும் மூன்று சிடிபிகேக்களையும் இழந்த செடி பிழைக்கிறது என்பதால், மரபணு நீக்க ஆய்வுக்குச் சிடிபிகேயே வசதியானது என்பேன்.