மீன் பொரியலும் சொதியும்: சோவினியோன் பிளாங்கா, சார்டொனேயா?

மீனுக்கு வெள்ளை வைன் என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி திருகோணமலைச் சமையலுக்குப் போதாது. ஒரே பாரை மீன் இங்கே தேசிக்காய் பிழிந்த பொரியலாகவும், தேங்காய்ப்பால் விட்ட சொதியாகவும், பழப்புளி கரைத்த உறைப்புக் குழம்பாகவும் வந்து சேருகிறது. ஆகவே மீனைப் பார்க்காமல் அதன் சாற்றைப் பார்த்து வைனைத் தெரிவு செய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து. சோவினியோன் பிளாங், சார்டொனே என்ற, தத்தம் திராட்சை வகையின் பெயராலேயே பரவலாக அறியப்பட்ட இரண்டு உலர் வெள்ளை வைன்களை இங்கே அப்படித்தான் ஒப்பிடுகிறேன்.

திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் மதுசாரமாக மாறிவிட்ட வைனே உலர் வைன். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதில் லீற்றருக்கு 4 கிராம் வரையே சர்க்கரை இருக்கலாம். புளிப்பு போதிய அளவு உயர்ந்திருந்தால் மட்டும் 9 கிராம் வரை அனுமதி உண்டு. இனிப்பு இல்லாதபோது புளிப்பு முன்னுக்கு நிற்கிறது. ஒரு வாய் விழுங்கிய பின் தாடையோரங்களில் எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று கவனித்தால் அதன் அளவு தெரிந்துவிடும். சோவினியோன் பிளாங்கை 8 முதல் 10 பாகை செல்சியஸிலும் சார்டொனேயை 10 முதல் 13 பாகையிலும் பரிமாறுவது வழக்கம். அதற்கு மேலும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குவளை விரைவில் சூடேறுவதால், சிறிது சிறிதாக வார்ப்பது நல்லது.

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலும் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலும் புகழ்பெற்ற சோவினியோன் பிளாங், முகர்ந்தவுடனே தன்னை அறிவித்துவிடும் வைன். குடைமிளகாய்க்குப் பச்சை வாசம் தரும் பைரசீன் வகைச் சேர்மங்கள் இதிலும் உண்டு. மார்ல்பரோ வைன்களில் அதோடு கொடித்தோடம்பழ மணமும் எழும். உப்பும் தேசிக்காய்ப் புளியும் வைனின் புளிப்பை நாவில் தணிப்பதால், கணவாய்ப் பொரியலோடும் பொரித்த மீனோடும் இதற்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன். எண்ணெயின் கனத்தை ஒவ்வொரு வாயும் கழுவிவிடுகிறது. ஆனால் சொதியோடு இதே வைன் தோற்றுப்போகிறது: தேங்காய்ப்பாலின் மெல்லிய இனிப்புக்குப் பக்கத்தில் அதன் புளிப்பு கூர்மையாகி, சொதியின் மென்மையைக் கெடுக்கிறது.

அந்த இடத்தில் சார்டொனேயே வெல்கிறது. பல சார்டொனேக்களில் முதல் நொதிப்புக்குப் பின், பக்டீரியாக்கள் கடுமையான மலிக் அமிலத்தை மென்மையான லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போது உண்டாகும் டையசெற்றில் என்ற சேர்மமே வெண்ணெய் வாசத்தைத் தருகிறது. இந்த வழவழப்பு இறால் சொதிக்கும் இடியப்பத்துக்கும் அருமையாக இசைகிறது. எனினும் புதிய ஓக் பீப்பாயில் முதிர்ந்த, மதுசாரம் மிகுந்த சார்டொனேயைச் சொதிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்; பச்சை மிளகாயின் காரத்தை மதுசாரம் இன்னும் எரியச் செய்யும், மரத்தின் கசப்பும் தனித்து நிற்கும். பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்தின் வடபகுதியில், முழுக்கச் சார்டொனே திராட்சையிலிருந்தே செய்யப்படும் ஷாப்ளி என்ற வைன் பெரும்பாலும் மரவாசம் இன்றி, நிமிர்ந்த புளிப்போடு இருப்பதால், சொதியும் பொரியலும் ஒன்றாக வைக்கப்படும் மதிய உணவுக்கு ஒரேயொரு போத்தல் வாங்குவதானால் அதையே வாங்குவேன். பௌர்ணமி நாளில் மதுபானக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

நண்டுக் குழம்புக்கு இரண்டுமே பொருந்தா. அதன் உறைப்புக்கு முன் உலர் வைன் எதுவானாலும் மெலிந்து கசக்கிறது. மதுசாரம் குறைந்த, சிறிது சர்க்கரை எஞ்சிய ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனே, அதுவும் ஜேர்மனியின் மோசல் பகுதியினதே, அங்கே தாக்குப்பிடிக்கும்.