அப்பாவோட 71 பாகிஸ்தான் வார் ஸ்டார் மெடலுக்கு 18,500 ரூபா குடுத்து ஏமாந்தோம், மிலிட்டரி வீட்டுக்காரங்க படிச்சிடுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், இது வெளில தெரியறது அப்பாவுக்குப் புடிக்கல. போன வாரம் பக்கத்து ஊர்ல எனக்கு சித்தப்பா முறை ஆகுறவரு, அவரும் பழைய மிலிட்டரிதான், எங்கள ஏமாத்தின அதே ஆளுகிட்ட 3,000 குடுத்திருக்கேன்னு வந்து சொன்னாரு. அதக் கேட்டதும் அப்பாவே "எழுதிடு, பேரு மட்டும் போடாத"ன்னுட்டாரு. அதனால பேரு போடல. ஆளு எப்படிப்பட்டவருன்னு மட்டும் சொல்றேன், உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாரு.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்துல பாலம், ரோடு, கண்ணிவெடி வேலை பாக்கற இன்ஜினியர் படை. பெங்களூரு அல்சூர் ஏரி பக்கத்துல இருக்கே எம்இஜி சென்டர், அங்க ட்ரெயினிங் எடுத்தவரு. 69ல சேர்ந்து 86ல ஹவில்தாரா பென்ஷன் வந்தாரு, அப்புறம் 20 வருஷம் பேங்க் வாசல்ல செக்யூரிட்டி. 71 சண்டையில வெஸ்ட் சைடு, ஷகர்கர் செக்டார்ல பசந்தர் ஆத்தாண்ட கண்ணிவெடி எடுத்து டாங்கிக்கு வழி போட்ட ஆளுங்கள்ல அவரும் ஒருத்தரு. அருண் கேத்ரபால் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, டிசம்பர் 16 அன்னிக்கு இறந்து பரம்வீர் சக்ரா வாங்கினவரு, அதே இடம்தான். வழி முழுசா கிளியர் ஆகறதுக்கு முன்னாடியே டாங்கி உள்ள வந்துடுச்சாம். ராத்திரி குளிர்ல வெரல் மரத்துப் போயி வழிக்கு அடையாளமா வெள்ளை டேப்பு கட்ட முடியாம பல்லால கடிச்சு இழுத்தோம்னு சொல்லுவாரு. வருஷத்துக்கு ஒரு தடவ சொல்லுவாரு, அதுவும் மழை பெஞ்சு கரண்ட் போனாத்தான்.

வெஸ்ட்ல இருந்தவங்களுக்கு பஸ்சிமி ஸ்டார், ஈஸ்ட்ல பங்களாதேஷ் பக்கம் போனவங்களுக்கு பூர்வி ஸ்டார். இது இல்லாம சங்க்ராம் மெடல்னு ஒண்ணு. அப்பா டிஸ்சார்ஜ் புக்ல, அதாவது சர்வீஸ் முடிச்சு வரும்போது குடுக்கற புக்ல, மெடல் பக்கத்துல சங்க்ராம் இருக்கு, 72ல குடுத்த சுதந்திர வெள்ளி விழா மெடல் இருக்கு, 9 வருஷ சர்வீஸ் மெடல் இருக்கு, பஸ்சிமி ஸ்டார் மட்டும் இல்ல. 72 ஜனவரில மஞ்சக்காமாலை வந்து பதான்கோட் ஆஸ்பத்திரில படுத்துட்டாரு, அப்படியே வேற யூனிட்டுக்கு போஸ்டிங் ஆயிடுச்சு, பழைய யூனிட்டு லிஸ்ட்டு ஒரு பக்கம் இவரு ஒரு பக்கம். அம்பது வருஷமா அவரு அதக் கேக்கல. பென்ஷன் வருது, கேன்டீன் கார்டு இருக்கு, போதும்னு விட்டுட்டாரு.

2021 டிசம்பர்ல 71 சண்டைக்கு 50 வருஷம்னு எல்லா எடத்துலயும் பங்ஷன் வச்சாங்கல்ல, எங்க பக்கமும் ஒண்ணு நடந்துச்சு. சால்வை போடும்போது யாரோ ஒரு ரிட்டயர்டு சுபேதார் அப்பா சட்டையப் பாத்து "என்ன தம்பி, பசந்தர்ல இருந்தேங்கற, ஸ்டார் எங்க"ன்னு கேட்டுட்டாரு. (மெட்ராஸ் சாப்பர்ஸ்காரங்கள மிலிட்டரில தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, எழுவது வயசானாலும் தம்பிதான்.) சும்மா கேட்டதுதான் அது. ஆனா அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடல.

அங்கதான் இந்த ஆளு வந்து ஒட்டிக்கிட்டாரு. கலெக்டர் ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடைய ஒட்டி ஒரு சின்ன ரூம், வாசல்ல மூவர்ணத்துல முன்னாள் ராணுவத்தினர் நலம்னு போர்டு, உள்ள சுவத்துல ஏதோ ஒரு ஜெனரல் கூட எடுத்த போட்டோ. ஆர்மில கிளார்க்கா இருந்தேன், ரெக்கார்ட் ஆபீஸ்ல (சர்வீஸ் பதிவெல்லாம் இருக்கற ஆபீஸ்) எல்லாரும் நம்ம பசங்கதான்னாரு. பேச்சுக்குப் பேச்சு சாப், சாப். அப்பா உருகிட்டாரு, ஊர்ல யாரு அவர சாப்னு கூப்பிடறா சொல்லுங்க. எனக்கே கூட சந்தேகம் வரல, மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

அவரு சொன்ன பொய்ல பெரிய பொய் இதுதான்: ஸ்டார் ரெக்கார்ட்ல ஏறிடுச்சுன்னா மாசம் 2,000 அலவன்ஸ், 72ல இருந்து அரியர் வேற. நான் வீட்டுக்கு வந்து செல்போன்ல கணக்குப் போட்டுப் பாத்தேன், வெக்கமா இருக்கு இப்ப. உண்மை என்னன்னா மாசப் பணம் வீரதீரத்துக்குக் குடுக்கற அவார்டுக்கு மட்டும்தான். பரம்வீர் சக்ராவுக்கு மாசம் 20,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, சேனா மெடல் கேலண்ட்ரிக்கு 2,000, 2017ல இரண்டு மடங்கு ஆக்கினப்போ வந்த ரேட்டு இது. பஸ்சிமி, பூர்வி, சங்க்ராம் இதெல்லாம் சண்டைல இருந்த எல்லாருக்கும் குடுக்கறது, அதுக்கு ஒரு பைசா அலவன்ஸ் கிடையாது. சேனா மெடலோட 2,000த்த எடுத்து இதுல ஒட்டிட்டாரு. முழுப் பொய்யா இருந்தா கண்டுபுடிச்சிருப்போம்.

முதல்ல பைல் ஓபன் பண்ணன்னு 3,000. அப்புறம் பெங்களூரு போய் ஆளப் பாக்கணும், தங்கணும், கவனிக்கணும்னு 7,500. ரெண்டும் கைல குடுத்தது, ரசீது இல்ல. பணத்த விட பெரிய தப்பு என்னன்னா ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்க அவரு கைல குடுத்துட்டு வந்தோம். ஜெராக்ஸ் செல்லாது சாப், ஒரிஜினல்லதான் என்ட்ரி போடணும்னாரு, நம்பிட்டோம். நடுவுல ஒரு நாள் அப்பாவுக்குப் போன் பண்ணி ஸ்பர்ஷ்ல (மிலிட்டரி பென்ஷன் வெப்சைட்டு) அப்டேட் பண்ணணும் ஓடிபி வரும் சொல்லுங்கன்னு கேட்டிருக்காரு. நல்லவேளை போன் அம்மா கைல இருந்துச்சு, அம்மாக்கு ஓடிபின்னாலே பயம், "பையன் வரட்டும்"னு கட் பண்ணிட்டாங்க. அது மட்டும் குடுத்திருந்தா பென்ஷன் அக்கவுண்ட்டே என்ன ஆகியிருக்கும்னு தெரியாது.

நாலு மாசம் கழிச்சு கூப்பிட்டாரு. வந்துடுச்சு சாப், ஸ்வீட் எடுத்துட்டு வாங்க, டெஸ்பாட்ச் சார்ஜ் 8,000ன்னாரு. அத நான் ஜிபேல போட்டேன், கடைசில கையில இருந்த ஒரே ஆதாரம் அதுதான். செவப்பு வெல்வெட் டப்பால ஸ்டார், ரிப்பனோட, பளபளன்னு. புக்லயும் மெடல் பக்கத்துல பஸ்சிமி ஸ்டார்னு எழுதி ஒரு சீல் குத்தியிருந்துச்சு. நான் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன். எங்க அக்கா குவைத்துல இருந்து அழுதுகிட்டே போன் பண்ணுது.

அப்பா மட்டும் ஒண்ணும் பேசல. அன்னிக்கு சாயந்திரம் பீரோல இருந்து பழைய சங்க்ராம் மெடல எடுத்துட்டு வந்து திண்ணைல உக்காந்தாரு. அதோட வெளிம்ப நகத்தால தடவிப் பாத்தாரு. நானும் அப்பதான் முதல் தடவ பாக்கறேன், சுத்துல பொடி எழுத்துல அவரு ஆர்மி நம்பரு, ரேங்கு, பேரு எல்லாம் குத்தியிருக்கு. அப்புறம் புது ஸ்டார எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தாரு. முன்னாடி, பின்னாடி, ஓரம், எங்கயும் ஒரு எழுத்து இல்ல, வழவழன்னு இருக்கு. "என் நம்பர் எங்கடா இதுல"ன்னு கேட்டாரு. கடைல விக்கிற காப்பி அது, யூனிபார்ம் சாமான் விக்கிற கடைங்கள்ல சாதாரணமா கிடைக்கும், அடையாளச் சீட்டெல்லாம் கேக்க மாட்டாங்க.

மறுநாள் புக்க எடுத்துட்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். நேர்மையா சொன்னா முதல்லயே அங்கதான் போயிருக்கணும், அந்தாளு ரூம்ல இருந்து நடந்து போற தூரம்தான். அங்க இருந்த ஆபீசர் பக்கத்தப் பொரட்டிப் பாத்துட்டு கண்ணாடிய கழட்டி வச்சாரு. மத்த என்ட்ரி எல்லாம் மசிப் பேனால மங்கிப் போயிருக்கு, இது மட்டும் நேத்து எழுதின மாதிரி நீல பால்பாயின்ட். சீல்ல ரெக்கார்ட்ஸ்ங்கறதுக்கு ஸ்பெல்லிங்கே தப்பு. "ஐயா, அரசாங்க ஆவணத்துல இப்படி எழுதினா கேஸ் உங்க மேலதான் வரும், புக்கு உங்க பேர்ல இருக்கு"ன்னாரு. அப்பா எழுந்து அட்டென்ஷன்ல நின்னுட்டாரு. 17 வருஷ சர்வீஸ்ல ஒரு ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனைப் பதிவு, வாங்காத மனுஷன். அந்த இடத்துல எங்கள ஏமாத்தின அந்தாள நான் மனசுக்குள்ள திட்டினத இங்க எழுத முடியாது.

அந்த ஆபீசர் நல்லவரு, என்ன நடந்துச்சுன்னு அப்பா கையாலயே எழுதி வாங்கி வச்சுக்கிட்டாரு. அப்புறம் சரியான வழி என்னன்னு சொன்னாரு. இத கவனமா படிங்க. ஜவான், ஹவில்தார், ஜேசிஓ (சுபேதார் மாதிரி ரேங்க்) எல்லாருக்கும் மூல ரெக்கார்டு டிஸ்சார்ஜ் புக் இல்ல, ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கற ஷீட் ரோல். போஸ்டிங், பிரமோஷன், மெடல், கல்யாணம், குழந்தை எதுவா இருந்தாலும் யூனிட்டு பார்ட் டூ ஆர்டர்னு ஒரு உத்தரவு போட்டு அத வச்சு ஷீட் ரோல்ல ஏத்துவாங்க. டிஸ்சார்ஜ் புக்குங்கறது அதுல இருந்து எடுத்து நம்ம கைல குடுக்கறது, அவ்ளோதான். அதனால புக்ல எவன் என்ன எழுதினாலும் பிரயோஜனம் இல்ல, ஷீட் ரோல்ல இருக்கான்னுதான் பாக்கணும். எந்த ரெஜிமென்ட்டோ அந்த ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுதணும், சாப்பர்ஸ்னா பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், ஆர்ட்டிலரின்னா நாசிக் ரோடு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர்.

நாங்க பண்ணினது ஒரு பக்க லெட்டர். நம்பர், ரேங்க், பேரு, சேர்ந்த தேதி, வந்த தேதி, சண்டையப்போ எந்த யூனிட்டு எந்த கம்பெனி, எப்ப ஆஸ்பத்திரி போனாரு, இவ்ளோதான். கூட டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) ரெண்டோட ஜெராக்ஸ், நல அலுவலகத்துலயே அட்டெஸ்ட் பண்ணிக் குடுத்தாங்க. ரிஜிஸ்டர் தபால் செலவு மட்டும். ரெண்டு மாசம் பதில் இல்லன்னதும் ஷீட் ரோல் நகல் கேட்டு ஆன்லைன்ல ஒரு ஆர்டிஐ போட்டேன், பீஸ் 10 ரூபா. பத்து ரூபா. நான் 18,500 குடுத்தத நினைச்சுக்கிட்டே அந்த பத்து ரூபாய கட்டினேன்.

நகல் வந்துச்சு. பஸ்சிமி ஸ்டார் ஷீட் ரோல்ல ஏற்கனவே இருக்கு. பார்ட் டூ ஆர்டர் நம்பரோட. அந்தக் காலத்துலயே ஏத்திட்டாங்க, 86ல டிஸ்சார்ஜ் புக் எழுதின கிளார்க்குதான் விட்டுட்டிருக்காரு. அப்பா அந்த வரிய வெரல் வச்சு ரெண்டு தடவ படிச்சாரு, அப்புறம் டீ போடச் சொன்னாரு. புக்க நல அலுவலகம் மூலமாவே ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பினோம், பால்பாயின்ட் வரிய செவப்பு மசில அடிச்சு கையெழுத்துப் போட்டு கீழ முறையா எழுதி அனுப்பிட்டாங்க. ஸ்டாருக்கு தனியா எழுதிக் குடுத்திருக்கோம், அது இன்னும் வரல, வரும்போது வரட்டும்.

போலீஸ்லயும் குடுத்தோம், சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கு ரசீது) போட்டாங்க. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டக் காட்டினதும் அந்தாளு 5,000 திருப்பிக் குடுத்தாரு, மிச்சத்துக்கு இன்னிக்கு நாளைக்குன்றாரு. ஸ்டேஷன்லயும் அப்பாவ சாப்னுதான் கூப்பிட்டாரு. போர்டு மட்டும் அங்கேர்ந்து மாறி இப்ப பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேற பேர்ல வந்திருக்கு.

அந்த டூப்ளிகேட் ஸ்டார தூக்கிப் போடலாம்னேன், அப்பா வேணாம்னுட்டாரு, யாராவது வந்து கேட்டா ஓரத்தத் தடவிப் பாக்கச் சொல்லிக் காட்டறதுக்காம். சித்தப்பா 65 சண்டை ஆளு, சமர் சேவா ஸ்டார் விட்டுப் போச்சுன்னு போயிருக்காரு. அவரு ஒரிஜினல் புக்கு இன்னும் அந்தாளுகிட்டதான் இருக்கு. நாளைக்குக் காலைல அப்பாவும் நானும் அவரக் கூட்டிட்டுப் போய் அந்த புக்க வாங்கப் போறோம்.