பெற்றோல் கணக்குச் சொல்லும் செருகு மீற்றர்: மூன்றைப் பாவித்த பிறகு என் தெரிவு

காரில் செருகி எரிபொருள் செலவு பார்க்கும் கருவி வாங்க நினைப்பவர்கள் திரையின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. அது காட்டும் எண்ணை, பெற்றோல் செட்டில் நிரப்பிய உண்மையான லீற்றரோடு ஒப்பிட்டுத் திருத்த முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நான் களுவாஞ்சிகுடியில் இருந்து மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலைக்குப் போய்வரும் கணித ஆசிரியை. ஒரு வழிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். எங்களுடையது 800 சிசி மாருதி ஓல்ற்றோ. சராசரிச் செலவு காட்டும் வசதி அதில் இல்லை. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், பிறகு கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்ததும் இன்னும் என் மனதில் இருக்கின்றன. அந்த 20 லீற்றரை வேலைக்குப் போகும் ஐந்து நாளுக்கும் பங்கிட்டவளுக்கு, ஒரு லீற்றர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது விளையாட்டான ஆசை அல்ல.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகி இருக்கிறது. காரின் கணினியிடம் எண்களைக் கேட்கும் வாசல் அது, ஓ.பி.டி. 2 என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இல் வந்தது. இந்தியக் கார்களுக்கு அதற்கும் பிந்தித்தான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்து இங்கே இறக்கிய பழைய வாகனங்களில்தான் சிக்கல். செருகி இருக்கும், கருவியும் ஒளிரும், எண் மட்டும் வராது. எங்கள் பக்கத்து வீட்டுப் பழைய டீசல் வானில் அப்படித்தான் ஆனது.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சிறிய கார்கள் “இவ்வளவு பெற்றோல் போகிறது” என்று நேரே சொல்வதில்லை. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதற்கான விவரத்தைத்தான் தருகின்றன. சிலவற்றில் காற்றின் நிறையை அளக்கும் உணரி உண்டு. எங்கள் காரில் குழாயின் அழுத்தமும் வெப்பநிலையும் சுழற்சி வேகமும் மட்டுமே கிடைக்கின்றன. அவற்றோடு எஞ்சின் கொள்ளளவையும் சேர்த்துக் கருவி காற்றைக் கணக்கிடுகிறது. 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெற்றோல் என்ற விகிதத்தால் அதைப் பெற்றோலாக்குகிறது. பிறகு அடர்த்தியால் வகுத்து லீற்றராக்குகிறது. இத்தனை படிகளிலும் ஊகம் கலக்கிறது. அதனால்தான் திருத்தும் வசதியை முதலில் கேட்கிறேன். டீசல் எஞ்சினில் காற்றுக்கும் எரிபொருளுக்கும் அப்படி ஒரு நிலையான விகிதமே இல்லை. டீசல் வான் வைத்திருப்பவர்கள் மலிவுக் கருவிகளின் எண்ணை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

நான் முதலில் பாவித்தது கண்ணாடியில் பச்சை எண்களை விழுத்தும் சீனக் கருவி. இரவில் அழகு. காலை ஏழு மணிக்குக் கடற்கரைப் பக்கமிருந்து வெயில் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. திருத்தும் பட்டியலில் வெறும் இலக்கங்கள்தான் இருந்தன. எந்த இலக்கம் எதை மாற்றுகிறது என்று கூட வந்த தாள் விளக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டோம்.

இரண்டாவது, ஈ.எல்.எம். 327 வகைப் புளூடூத் செருகி. மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கைத்தொலைபேசியில் டொர்க் அல்லது கார் ஸ்கானர் செயலியைப் போட்டுப் பார்க்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பழைய வகைப் புளூடூத் செருகி ஐபோனோடு இணையாது, வைஃபை வகை அல்லது புதிய குறைசக்திப் புளூடூத் வகைதான் வேண்டும். சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது அசல் ஈ.எல்.எம். 327 மின்னணுச் சில்லு (சிப்) அல்ல, போலி. சில கார்களில் ஓடும், சிலவற்றில் பாதியில் துண்டிக்கும். என்னுடையது நன்றாகவே ஓடியது.

ஆரம்பத்தில் அதன் எண் என்னை மயக்கியது, லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் என்றது. தாங்கியை நிரப்பி, மீற்றரைப் பூச்சியமாக்கி, சில நாள் ஓடி, மீண்டும் அதே செட்டில் அதே குழாயில் நிரப்பினேன். செயலி 20.9 லீற்றர் என்றது. பம்பு 24 என்றது. கிட்டத்தட்ட பதினைந்து வீத வித்தியாசம். எஞ்சின் கொள்ளளவைச் சரியாக 0.8 என்று கொடுத்து, மிச்சத்தைத் திருத்தக் காரணியில் (செயலி தன் கணக்கைப் பெருக்கிக்கொள்ளும் எண்) ஏற்றிய பிறகு, அடுத்தடுத்த நிரப்பல்களில் இரண்டும் அரை லீற்றருக்குள் ஒத்துவந்தன. உண்மைச் சராசரி 17.5. நிரப்பும்போது குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் அடிக்கட்டுமா ரீச்சர்?” என்று பையன் கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும்.

இதில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு. கைத்தொலைபேசி கண்ணாடியில் ஒட்டி நிற்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வெக்கையில் அது சூடேறித் தானாக அணைந்துவிடும். அடுத்தது பற்றரி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. வாசலின் பதினாறாம் துளையில் திறப்பை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கிறது. மலிவுச் செருகி 50 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. எங்கள் 35 ஆம்பியர் மணிப் பற்றரியில் பத்து நாளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பாடசாலை விடுமுறையில் கார் நின்றால் கட்டாயம் கழற்றிவையுங்கள்.

மூன்றாவது, ரொறன்ரோவில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த ஸ்கான்கேஜ் 2. சிறிய கறுப்புப் பெட்டி, ஒரே நேரத்தில் நான்கு எண்கள். திறப்பை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் தானே உறங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிரப்பல் பகுதி: பம்பு சொன்ன லீற்றரை அழுத்திக் கொடுத்தால் கருவியே தன்னைத் திருத்திக்கொள்கிறது. நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று காட்டும்படி வைத்திருக்கிறேன். ஒரு கணித ஆசிரியையாகச் சொல்கிறேன், அதுதான் நேர்மையான அளவு. லீற்றருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏறினால் நூறு கிலோமீற்றரில் 1.67 லீற்றர் மிச்சம். பதினெட்டிலிருந்து இருபதுக்கு ஏறினால் 0.56 தான். இரண்டும் “இரண்டு கிலோமீற்றர் கூடியது” என்றே காதில் விழும்.

கண்டியிலிருந்து மகியங்கனைப் பதினெட்டு வளைவு வழியாகத் திரும்பும்போது இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது. கியரில் வைத்து, ஆக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் எஞ்சின் பெற்றோலை முற்றாக நிறுத்திக்கொள்ளும். ஸ்கான்கேஜில் அதற்கென்று ஓர் அமைப்பு இருப்பதால் பூச்சியம் காட்டியது. வேறொரு முறை அதே இறக்கத்தில் செயலி, காற்று போவதைப் பார்த்துப் பெற்றோலும் போவதாகவே எழுதிக்கொண்டிருந்தது. எங்கள் கரையோரச் சமதரைக்கு அது பெரிய குறை இல்லை. பதுளை, கண்டி என்று அடிக்கடி ஓடுபவர்களுக்குக் குறைதான்.

இவை எனக்குக் கற்றுத்தந்தவை நேரடியானவை. தேற்றாத்தீவுக்கும் கிரான்குளத்துக்கும் இடையே ஐம்பத்தைந்தில் ஐந்தாம் கியரில் போகும்போதுதான் எண் மிகக் கீழே இறங்குகிறது. எண்பதைத் தொட்டால் கூடுகிறது. காத்தான்குடியில் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் நெரிசலில் நின்று நின்று போகும்போது, சராசரி என் கண்முன்னே கெடுகிறது. ரியூசன் வாசலில் ஏசி போட்டபடி பிள்ளைக்காகக் காத்திருந்தால் மணிக்கு முக்கால் லீற்றருக்கு மேல் எரிகிறது, ஏசி இல்லாமல் அரை லீற்றர். என் கணவர் முதலில் நம்பவில்லை. “நின்ற வண்டிக்கு என்ன செலவு?” என்றார். எண்ணைக் காட்டினேன். இப்போது அவரும் வேப்பமர நிழலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் காத்திருக்கிறார்.

காசுக் கணக்கு: மாதம் ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் ஓடுகிறேன். சராசரி 17.5 இலிருந்து 19க்கு வந்திருக்கிறது. ஆறு லீற்றர் அளவு மிச்சம். லீற்றர் 300 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். மூவாயிரம் ரூபாய்ச் செருகி இரண்டு மாதத்துக்குள் தன் விலையை மீட்டுவிடும். ஸ்கான்கேஜ் நூற்றைம்பது டொலருக்கு மேல். 45,000 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். எனக்குக் கிடைத்தது தம்பியின் அன்பளிப்பு. சிறிய காருக்காக அந்தக் காசைச் சொந்தப் பணத்தில் போடச் சொல்ல என்னால் முடியாது. பொறுமையாகத் திருத்திக்கொள்ளத் தயாரான எவருக்கும் புளூடூத் செருகியையே சொல்வேன். பிரியஸ், அக்குவா வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவுமே தேவையில்லை, காரே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. அதே துளையில் செருகினால் எரிபொருள் குறையும் என்று சொல்லி விற்கும் பெட்டிகள் வேறு. அவை அளப்பதில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வாங்கியதைத் திறந்து பார்த்தோம், உள்ளே மினுங்கும் விளக்கும் அதை மினுங்க வைக்கும் மின்னணுச் சில்லும்தான் இருந்தன. காருடன் பேசும் கம்பிகள் எங்கும் இணைக்கப்படவே இல்லை. உழைத்த காசை அதில் போடாதீர்கள்.

வாங்கப் போகும்போது காரையும் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டு, செருகி, எஞ்சினை ஓடவிட்டு, சுழற்சி வேகம், காற்றின் அழுத்தம் அல்லது நிறை, ஓட்ட வேகம் ஆகிய மூன்றும் எண்ணாக வருகின்றனவா என்று பாருங்கள். கொள்ளளவை மாற்றும் இடத்தையும் திருத்தக் காரணியையும் உங்கள் கண்ணாலேயே கண்ட பிறகு காசைக் கொடுங்கள்.