ஆக்டிவ் டைரக்டரியா, ஓப்பன்எல்டேப்பா? நிரல் எழுதுபவர் கண்ணில் ஒரு அலசல்

நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் எந்தக் குழுவில், யாருக்கு எதில் அனுமதி என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருப்பது டைரக்டரி. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி, திறமூல ஓப்பன்எல்டேப் இரண்டும் அப்படிப்பட்ட டைரக்டரி சர்வர்கள்; இரண்டோடும் பேச உதவும் நெறிமுறை எல்டேப். அதோடு பேசும் நிரல் எழுதச் சொன்னால் பலரும் நினைப்பது இதுதான்: எல்டேப் தரப்படுத்தப்பட்ட நெறிமுறை, எந்த சர்வரானால் என்ன, முகவரியை மாற்றினால் போதாதா? இணைப்பு கிடைக்கும் வரை அது சரி. 389-ஆம் போர்ட், மரம் போல அடுக்கிய பதிவுகள், மரத்தில் அதன் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு முழுப்பெயர் (டிஎன்) ஒவ்வொன்றுக்கும் என்று எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். அப்புறம்தான் இரண்டும் பிரிகின்றன. அதுவும் பல இடங்களில் பிழைச் செய்தியே வராது, தப்பான விடை மட்டும் வரும்.

மூதாதை ஒன்றுதான். டைரக்டரிகளுக்கான பழைய எக்ஸ்.500 தரநிலை கனமாக இருந்ததால், இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி மேல் இலகுவாக ஓடும் எல்டேப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் சகாக்களும் வடிவமைத்தார்கள். முதல் வரையறை 1993-இல் வந்தது. அந்த மிச்சிகன் நிரலிலிருந்தே 1998-இல் ஓப்பன்எல்டேப் கிளைத்தது. ஆக்டிவ் டைரக்டரி 2000-இல் விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது. ஓப்பன்எல்டேப்புக்கு எல்டேப்தான் எல்லாமே. ஆக்டிவ் டைரக்டரிக்கு அது கெர்பரோஸ் (அடையாளச் சரிபார்ப்பு), டிஎன்எஸ் (பெயரிலிருந்து முகவரி காண்பது) முதலியவற்றோடு சேர்ந்த ஒரு பகுதி. கீழே வரும் வித்தியாசங்களில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

லாகினை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்எல்டேப்பில் பயனர் தரும் பெயரை வைத்து முதலில் தேட வேண்டும், கிடைத்த முழுப்பெயரோடு பாஸ்வேர்டைச் சேர்த்து ‘பைண்ட்’ செய்ய வேண்டும், அதாவது நான் இன்னார் என்று சர்வரிடம் நிரூபிக்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் மின்னஞ்சல் போன்ற வடிவில் இருக்கும் பயனர் பெயரான யுபிஎன்னைக் கொடுத்தே நேராக பைண்ட் செய்யலாம். வசதிதான், ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பெயரைக் கொடுத்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், ஆக்டிவ் டைரக்டரி இயல்பு நிலையில் ‘வெற்றி’ என்றே பதில் தரும். அடையாளம் உறுதியாகாத இணைப்பு என்ற பொருளில் நெறிமுறையே அதற்கு இடம் தருகிறது. ஓப்பன்எல்டேப் இயல்பாகவே அதை மறுத்துவிடும். அதில் மட்டும் சோதித்த லாகின் நிரலை ஆக்டிவ் டைரக்டரிக்கு மாற்றினால், பாஸ்வேர்டே இல்லாமல் யாரும் யார் பெயரிலும் உள்ளே வரலாம். காலி பாஸ்வேர்டை சர்வருக்கு அனுப்பும் முன்பே நிரலில் தடுத்துவிடுங்கள். இதற்கு விதிவிலக்கு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்வேர்ட் தவறானால் இரண்டுமே 49 என்ற பிழை எண்ணைத் தரும். ஆக்டிவ் டைரக்டரி அதன் செய்திக்குள் ஒரு துணை எண்ணையும் ஒளித்து வைக்கும்: 52இ என்றால் தவறான பாஸ்வேர்ட், 533 என்றால் முடக்கப்பட்ட கணக்கு, 775 என்றால் பூட்டப்பட்டது. ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்கு இது பெரிய உதவி. ஓப்பன்எல்டேப் வெறும் 49-ஓடு வாயை மூடிக்கொள்கிறது. பாதுகாப்பின் பார்வையில் அதுதான் ஒழுங்கு என்பது என் கட்சி, ஹெல்ப்டெஸ்க் திட்டினாலும்.

தேடல் முடிவுகளில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு 1000 பதிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். மீதி வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகத் தரச் சொல்லும் கூடுதல் குறிப்பை (‘கன்ட்ரோல்’) கோரிக்கையோடு அனுப்ப வேண்டும். ஓப்பன்எல்டேப்பின் இயல்பு வரம்பு 500. அங்கே பக்கம் பக்கமாகக் கேட்டாலும் மொத்தத்துக்கான வரம்பு தடுக்கும், நிர்வாகி அதைத் தளர்த்தித் தர வேண்டும். அதாவது ஒன்றில் தீர்வு உங்கள் நிரலில், மற்றதில் சர்வர் அமைப்பில்.

இதைவிட வஞ்சகமானது உறுப்பினர் பட்டியல். ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு குழுவில் 1500 பேருக்கு மேல் இருந்தால் உறுப்பினர்களைப் பட்டியலிடும் ‘மெம்பர்’ பண்பு (பதிவின் ஒரு புலம்) காலியாக வரும். 0 முதல் 1499 வரை என்று வரம்பு ஒட்டிய இன்னொரு பெயரில்தான் ஆட்கள் வருவார்கள். அடுத்த துண்டை நாமே கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாத நிரலுக்கு நிறுவனத்தின் மிகப் பெரிய குழு ஆளே இல்லாததாகத் தெரியும். சிறிய சோதனைச் சூழலில் இது ஒருபோதும் கண்ணில் படாது.

‘இவர் எந்தெந்தக் குழுவில்?’ என்ற எதிர்க் கேள்விக்கு ஆக்டிவ் டைரக்டரி ‘மெம்பர்ஆஃப்’ பண்பைத் தானே நிரப்பி வைத்திருக்கும். ஆனால் முதன்மைக் குழு, பெரும்பாலும் ‘டொமைன் யூசர்ஸ்’, அதில் இருக்காது. குழுவுக்குள் குழு இருந்தால் 1.2.840.113556.1.4.1941 என்ற பொருத்தல் விதியைத் தேடலில் சேர்த்தால் சங்கிலி முழுவதையும் சர்வரே நடந்து பார்த்துச் சொல்லும். பெரிய டைரக்டரியில் மெதுவாகத்தான். ஓப்பன்எல்டேப்பில் ‘மெம்பர்ஆஃப்’ வேண்டுமென்றால் அதற்கான ஓவர்லேயை (சர்வரின் கூடுதல் செருகுநிரலை) இயக்க வேண்டும், அதற்கு முன்பே இருந்த குழுக்கள் கணக்கில் வராது, பண்பைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் தரும். சங்கிலியை நம் நிரலே நடக்க வேண்டும். ‘அ’ குழுவுக்குள் ‘ஆ’, ‘ஆ’வுக்குள் மறுபடி ‘அ’ என்று யாராவது வைத்திருந்தால் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டேட்டாபேஸில் ஒருவரை எதை வைத்து அடையாளம் காண்பீர்கள்? முழுப்பெயரை மட்டும் வைக்காதீர்கள், துறை மாறினாலே அது மாறிவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் ஆப்ஜெக்ட்ஜியுஐடி, ஓப்பன்எல்டேப்பில் என்ட்ரியுயுஐடி, இரண்டும் மாறாதவை. முன்னது 16 பைட் இரும எண்ணாக வரும், அதன் முதல் மூன்று பகுதிகளில் பைட் வரிசை தலைகீழ். நேராக எழுத்தாக மாற்றினால் விண்டோஸ் கருவிகள் காட்டுவதோடு ஒத்துப்போகாது.

பாஸ்வேர்ட் மாற்றுவதில் ஓப்பன்எல்டேப் நேர்மையானது, அதற்கென்றே ஒரு நீட்டிப்புக் கட்டளை உண்டு. ஆக்டிவ் டைரக்டரிக்குப் புதிய பாஸ்வேர்டை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, யுடிஎஃப்-16 குறியாக்கத்தில், மறையாக்கப்பட்ட இணைப்பில் அனுப்ப வேண்டும். தேதிகளிலும் விசித்திரம்: கடைசி லாகின் நேரம் 1601 ஜனவரி 1-இலிருந்து 100 நானோநொடிகளாக எண்ணப்படும். அந்தப் பண்பும் சர்வர்களுக்கிடையே நகலாவதில்லை. பல சர்வர்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் கேட்டு, பெரியதை எடுக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களிடம் விற்கும் மென்பொருள் என்றால் ஆக்டிவ் டைரக்டரிக்கு முதலில் எழுதுங்கள் என்பேன். பெரும்பாலான அலுவலகங்களில் அதுதான் இருக்கும், பொறிகளும் அதில்தான் அதிகம். லினக்ஸ் மட்டுமே உள்ள, உங்கள் கையில் உள்ள சூழல் என்றால் ஓப்பன்எல்டேப் போதும். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸில் 8-ஆம் பதிப்பிலிருந்து ஓப்பன்எல்டேப்பின் சர்வர் பொதி கிடையாது, ஆகவே அங்கே இன்னொரு திறமூல எல்டேப் சர்வரான ‘389 டைரக்டரி சர்வர்’ என்பதையும் பாருங்கள். விண்டோஸ் உரிமம் வாங்காமல் அன்றாடச் சோதனை நடத்த, 2012-இல் வந்த திறமூல மென்பொருள் சாம்பா 4 ஆக்டிவ் டைரக்டரி போல நடிக்கும். வெளியிடும் முன் நடக்கும் கடைசிச் சோதனையை மட்டும் அசல் விண்டோஸ் சர்வரில், 1500 பேரைத் தாண்டிய ஒரு குழுவை வைத்துச் செய்யுங்கள்.