பட்டுப்புடவைக்கு ஜிப் கவரா, பழைய வேட்டியா?

எங்கள் வீட்டுக் காஞ்சிபுரம் பட்டுகளையெல்லாம் ஜிப் கவரிலிருந்து எடுத்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். அம்மாவின் முகூர்த்தப் புடவையும் அதில் ஒன்று என்பதால், நன்றாக யோசித்துத்தான் மாற்றினேன்.

ஹேங்கரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கெட்டி ஜரிகை போட்ட புடவையின் முழுப் பாரமும் ஒரே கோட்டில் தொங்கும். அந்த இடம்தான் முதலில் நையும். அடிக்கடி உடுத்தும் லேசான சாஃப்ட் சில்க்குக்கு ஹேங்கர் ஒத்துவரலாம். அதை நான் நீண்ட நாள் வைத்துப் பார்த்ததில்லை.

ஜிப் கவரில் நல்லதும் உண்டு. தூசி படாது, திறக்காமலே எந்தப் புடவை என்று தெரியும், ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஒட்டாது. ஆனால் சென்னை மாதிரிக் கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றோடு உள்ளே போன புடவைக்கு மூச்சுவிட வழியில்லை. உடுத்திக் கழற்றிய வியர்வை ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். மலிவான பிவிசி கவர் என்றால் நாளடைவில் அதுவே பிசுபிசுத்துப் பழுப்பேறும்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். என்னை மாற வைத்தது மடிப்பு.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் ஏற்றியது. உலோகம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்து கிடந்தால் அங்கேயே முறியும். கூடவே பட்டு நூலும் இற்று, மடிப்புக் கோட்டிலேயே கிழிசல் விடும். முந்தானை புதிதாக மின்னும், ஆனால் விரித்தால் நேர்கோடாக நாலு இடத்தில் விட்டிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் புடவையை உடுத்த முடியாது. பழைய பட்டு எடுக்கும் கடையில் ஜரிகையிலுள்ள வெள்ளிக்குத்தான் விலை கிடைக்கும்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மடிப்பை மாற்ற வேண்டும். கவர் இதற்குத்தான் இடம் கொடுப்பதில்லை. அது ஒரே அளவில் தைத்தது. புடவையை எத்தனை முறை எடுத்தாலும் அதே நீள அகலத்துக்கு மடித்தால்தான் உள்ளே நுழையும். மடிப்பும் பழைய கோட்டிலேயே போய் விழும். வேட்டித் துணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு தடவை நாலாக மடிக்கலாம், அடுத்த தடவை மூன்றாக. வெளியே இருந்த பக்கத்தை உள்ளே திருப்பலாம், மடிப்பு வளைவில் மல் துணியைச் சுருட்டி வைத்துக் கூர்மையைக் குறைக்கலாம். கனத்த முந்தானையை உருட்டியே வைத்தாலும் துணி சுற்றிக்கொள்ளும். மடிப்பை மாற்றும் நாளிலேயே, வெயில் படாமல் நிழலில் கொஞ்ச நேரம் விரித்துப் போட்டால் காற்றோட்டமும் கிடைத்துவிடும்.

வேட்டியிலும் பார்க்க வேண்டியவை உண்டு. கஞ்சி போட்டது கூடவே கூடாது. வெள்ளிப்பூச்சிகள் கஞ்சியைத் தேடி வரும். சாயக் கரையைக் கிழித்து எடுத்துவிட்டு, சோப்பு போக அலசி நன்றாகக் காயவைத்த பிறகே சுற்ற வேண்டும். பழைய வேட்டி இல்லையென்றால் துவைத்த காடாத் துணி போதும். எந்தப் புடவை என்று தெரிய, மூட்டையில் துணிப் பட்டி ஒன்றில் எழுதிக் கட்டிவிடுகிறேன். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. நான் வசம்பைத்தான் சிறு முடிச்சாகக் கட்டி பீரோ மூலையில் வைக்கிறேன். வாசம் போனதும் மாற்றிவிட வேண்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜரிகையிலும் வெள்ளி இருப்பதால் காற்றுப் பட்டால் மெல்லக் கறுக்கத்தான் செய்யும், துணி அதை முழுக்கத் தடுக்காது. கறுத்த ஜரிகையோடு புடவையை உடுத்திக்கொள்ளலாம், மடிப்பில் விட்ட புடவையை முடியாது என்பதால் நான் துணியின் பக்கம் நிற்கிறேன்.

வெள்ளிக் கொலுசு, ஒட்டியாணம் போன்றவற்றுக்குக் கணக்கே வேறு. அவற்றுக்கு மடிப்பும் இல்லை, மூச்சும் வேண்டாம். ஈரம் போகத் துடைத்து, சின்ன ஜிப் பாலிதீன் பையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுகிறேன்.