ரோஸ் அட்டைக்குக் கொடுத்த 14 நாள் பேர்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் அக்கா தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். ஆண்கள் படித்தாலும் தப்பில்லை. சொல்லப்போனால் அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷமாகியும் பிள்ளை இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், "என்னா புள்ள, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்திலேயே தொடங்கிவிடும். மாமியார்தான் யாரிடமோ கேட்டு வந்து, டவுனில் ஓர் இடம் இருக்கிறது, நாள் குறித்துக் கொடுப்பார்கள், மருந்தும் தருவார்கள் என்றார்.

போனோம். அடகுக்கடைக்கு மேல்மாடி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், மேசையில் கர்ப்பப்பையின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று. என் வயதைக் கேட்டார், கல்யாணத் தேதியைக் கேட்டார், நட்சத்திரத்தைக்கூடக் கேட்டார். மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை. கணவரைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு 18,900 ரூபாய். லேமினேட் செய்த ஓர் அட்டை, லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு பொடி, அவ்வளவுதான். அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350. கணக்குப் போட்டால் மாமியார் மலையேறிக் கொழுந்து பறித்த 14 நாள் பேர், அதாவது 14 நாள் கூலி. ரசீதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அட்டையில், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 12, 13, 14ஆம் நாட்கள் ரோஸ் கட்டம், மற்றதெல்லாம் பச்சை. ரோஸ் நாளில் சேர வேண்டும், பச்சை நாளில் விலகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் "சக்தி வீணாகும்" என்றார். என் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. அந்த மூன்று நாளுக்காக முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி, பஸ் ஏறி வந்தார். மூன்று மாதமும் இதே கதைதான். மூன்று மாதமும் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, உங்கள் உடம்பில் சூடு அதிகம், இன்னொரு டப்பா பொடி வேண்டும் என்றார்கள்.

அப்புறம்தான் தோட்டத்தில் எங்கள் டிவிஷனுக்கு (பிரிவுக்கு) வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தார். "மகள், கடைசியா எப்ப வந்திச்சு? அதுக்கு முந்தி?" 2025 பெப்ரவரி 3, பிறகு மார்ச் 11. இடையில் 36 நாள். மார்ச் 11இலிருந்து பேனா மூடியால் பின்னோக்கி 14 நாள் எண்ணினார். மூடி பெப்ரவரி 25இல் போய் நின்றது. முட்டை வெளிவந்தது ஏறக்குறைய அன்றைக்குத்தான் இருக்கும் என்றார். ரோஸ் கட்டம் சொன்னது பெப்ரவரி 14, 15, 16. 17ஆம் தேதி காலை பஸ்ஸில் என் கணவர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

விஷயம் இதுதான். முட்டை வெளிவருவது பெரும்பாலும் அடுத்த மாதவிடாய்க்கு இரண்டு வாரத்துக்கு முன்னால். ஆளுக்கு ஆள் ஓரிரு நாள் கூடும், குறையும். 28 நாள் சுற்று உள்ளவர்களுக்குத்தான் அது 14ஆம் நாள் பக்கம் வரும். வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் கரு உண்டாகும் காலம். இதை ஆலன் வில்காக்ஸ் என்பவரின் குழு 221 பெண்களிடம் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டிருக்கிறது. ஐந்து நாளுக்கு முன்பு சேர்ந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துப்போல, முட்டை வரும் நாளில் 33. அதற்கு மறுநாளிலிருந்து ஒரு கருவும் உண்டாகவில்லை. உச்சத்திலேயே மூன்றில் ஒரு பங்குதான் என்றால், முதல் மாதமே நிற்கவில்லையென்று என்னை நானே திட்டிக்கொண்டதெல்லாம் எதற்கு?

பின்னோக்கி எண்ணும் இந்தக் கணக்கை ஜப்பான் மருத்துவர் ஒகினோ 1924இலேயே சொல்லிவிட்டார். நூறு வருஷம் கழித்தும் மாடியில் ஏற்றி நம்மிடம் தப்பான கணக்கை விற்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அடுத்த டிவிஷனில் ஒரு தங்கச்சி, இரண்டு பிள்ளைக்காரி, மூன்றாவது வேண்டாம் என்று அதே மாடிக்குப் போயிருக்கிறாள். அவளுக்கும் அதே அட்டை, விலை மட்டும் 6,000. எனக்கு ரோஸ் கட்டம் சேர்வதற்கு, அவளுக்கு விலகுவதற்கு. அவளுக்கு 24 நாளுக்கு ஒருமுறை வரும். அப்படியென்றால் முட்டை வருவதே 10ஆம் நாள் அளவில். அட்டையில் 5இலிருந்து 10 வரை எல்லாம் பச்சை. இப்போது அவளுக்கு ஐந்து மாதம். அவள் புருஷன் அவளையே சந்தேகமாகப் பார்க்கிறானாம்.

மிஸ் பொடியை உடனே நிறுத்தச் சொன்னார். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் ஃபோலிக் அமில மாத்திரை கிடைத்தது, காசில்லை. நாள் பார்க்க அட்டை தேவையில்லை, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று வெள்ளை படும் நாட்களைக் கவனி, அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும் என்றார். ஒரு வருஷம் முயன்றும் நிற்காவிட்டால், 35 வயதுக்கு மேல் என்றால் ஆறே மாதத்தில், இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு அந்த ஒரு வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. என் சுற்று நீளமாக இருப்பதற்குத் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள், என் கணவருக்கு விந்துப் பரிசோதனை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் போய்க் கொடுத்துவிட்டார்.

பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கும் அதே கிளினிக்கில் மாத்திரை, ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் எல்லாம் இருக்கிறது. காலண்டரை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். காய்ச்சல், கவலை, அலைச்சல் என்று ஏதாவது வந்தால் முட்டை வரும் நாள் தள்ளிப்போகலாம்.

பணத்தைக் கேட்கப் போனபோது மாடியில் பலகை இல்லை, கதவில் பூட்டு. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம் என்று மிஸ்தான் சொன்னார். நன்கொடை ரசீதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பண்டாரவளையிலிருந்து ஒரு தோழி வாட்ஸ்அப்பில், "இது நல்லதாடி?" என்று கேட்டு ஒரு படம் அனுப்பினாள். அதே ரோஸ், அதே பச்சை. விலை இப்போது 24,000.